ஏழாவது பாயிண்டின் அவசரம்

சென்னியப்பன் பொத்தானை அழுத்துவதற்கு இரண்டு விநாடி முன்பாகவே ஏழாவது பாயிண்ட் 'டக்'கென்று திரும்பியது.

முதல் தடவை அவன் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை கவனித்தான். ஆனால், தன் விரல்தான் தாமதமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பதற்கு அவனிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. முப்பத்தேழு வயதில் அவன் எதையும் அதற்குரிய நேரத்தில் செய்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை. போத்தனூர் மெயின் ரோட்டு ஹோட்டலில் தினமும் சாயங்காலம் ரோஸ்ட்டா, ஊத்தப்பமா என்று இருபது நிமிடம் யோசிப்பான். சர்வர் குமரவேல் அதற்குள் மூன்று மேஜைகளைத் துடைத்துவிட்டு வருவார். யோசித்து முடித்ததும் ரோஸ்ட் என்பான். பதினோரு வருடமாக ரோஸ்ட்தான். பதினோரு வருடமாக இருபது நிமிடமும்தான்.

அவனுக்கு வேலை கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில். மாதத்துக்கு நாற்பது ஜோடிகளைச் சேர்த்துவைக்கிறவன், தன் கல்யாணத்தை மட்டும் இன்னும் எழுத்து கோக்காமல் வைத்திருந்தான். ஓய்வு நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிப்பான். அவற்றில் மனிதர்கள் பனி கொட்டும் ரயில் நிலையங்களில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எடுப்பார்கள். போத்தனூரில் பனி கொட்டாது. அதனால் அவனும் எடுக்கவில்லை.

பெரிய ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நாச்சிமுத்துவின் பெயிண்ட் கடை மாடியில், அதே நிலையம் எண்பத்தேழு மடங்கு சுருங்கி மேஜைமேல் கிடந்தது. போத்தனூர் குட்டி ரயில் கழகம். உறுப்பினர்கள் பதினொரு பேர். செயலாளர் நாச்சிமுத்து. இடம் அவருடையது என்பதால் அந்தப் பதவிக்குத் தேர்தல் நடப்பதில்லை. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் இல்லை. அதனாலேயே ரயில்வேயைவிடக் கூடுதலாக விதிகள் வைத்திருந்தார். உதாரணமாக, ஒன்பதாம் விதி: எந்தப் பாயிண்டின்மேல் கைவைப்பதானாலும், அது ஏற்கெனவே எந்தப் பக்கம் இருந்தாலும், முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்தி "கிளை!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருமுறை சரக்கு வண்டி வந்து அவர் சுண்டுவிரலில் மோதியபிறகு எழுதிய விதி அது. பெட்டி ஒன்றின் எடை நூறு கிராம்.

பாயிண்ட் என்பது ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற இடம். அங்கே நாக்கு நுனி மாதிரி இரண்டு தண்டவாளத் துண்டுகள் இருக்கும். அவை இப்படி ஒட்டினால் வண்டி நேரே போகும். அப்படி ஒட்டினால் கிளையில் இறங்கும். கழகத்தில் பன்னிரண்டு பாயிண்டுகள். இதுவரை கம்பியை இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தவற்றை, இந்த வருடம் டிஜிட்டலாக மாற்றத் தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன மோட்டார், அதை ஆட்டுவிக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. பச்சைப் பொத்தான் என்றால் நேர், சிவப்பு என்றால் கிளை.

முதல் ஆறு பாயிண்டுகளைத் துளசிமணி முடித்திருந்தாள். துளசிமணி பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களைச் சோதிப்பவள், முப்பத்தைந்து வயது. ஒரு மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அது எந்த மாதம் எரியும் என்று சொல்வாள். மீதி ஆறை சென்னியப்பன் கற்றுக்கொண்டு முடிக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டதற்குப் புதன்கிழமை எதிர் டீக்கடையில் பதில் கிடைத்தது.

"எனக்கு ஓசூர்ல வேல கெடச்சிருக்குதுங்க. அடுத்த மாசம் போய்ச் சேரோணும்" என்றாள்.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றான் சென்னியப்பன், சந்தோஷமே இல்லாமல்.

"முழுசாக் கேளுங்க. நான் போறது போறதுதான். நீங்க என்னையக் கட்டிக்கிட்டுக் கூட வர்றீங்களா, இல்லீங்களா?"

டீ நாக்கைச் சுட்டது. முழுங்குவதா துப்புவதா என்பதில்கூட அவனால் முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் அது தானாகவே இறங்கியது.

"இல்லீங்க, அதுக்குக் கொஞ்சம் யோசிச்சு..."

"ரெண்டு வருசமா என்னையப் பாத்துப் பாத்து யோசிச்சிட்டுத்தானே இருக்கீங்க. எனக்கென்ன கண்ணு தெரியாதுங்களா?" டம்ளரை வைத்தாள். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்கு மேல நானும் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம்."

அந்த யோசனையோடுதான் வியாழக்கிழமை சாயங்காலம் அவன் போர்டுகளோடு உட்கார்ந்தான்.

போர்டுக்குக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு போர்டுக்குள்ளும் எண்ணிட்ட அறைகள் இருக்கும். அறைக்கு ஒரு எண்ணை எழுத வேண்டும். ஒன்றாம் அறையில் முகவரி. சென்னியப்பன் ஆறு போர்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தான். பொத்தானை அழுத்தியதும் ஆறு பாயிண்டுகளும் போலீஸ் அணிவகுப்பு மாதிரி ஒரே நேரத்தில் காலை மாற்றின. அடுத்த கணம் ஃபியூஸ் போய், கீழே கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரம் நின்றது. ஒரு வாடிக்கையாளரின் வீட்டுச் சுவர் அரை மஞ்சளில் நிற்கிறது என்று நாச்சிமுத்து மாடிக்கு ஓடிவந்தார்.

"தம்பி, இதுக்குத்தான் அஞ்சாம் அறை இருக்குது. தாமதம்! ஒவ்வொண்ணுக்கும் எத்தன விநாடி தாமதம்னு ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கறேன்ல? அதப் பாத்து அப்படியே போடு."

சென்னியப்பன் முகவரிகளைத் தனித்தனியாக மாற்றிவிட்டு ரெஜிஸ்டரைப் பார்த்தான். அப்படியே போட்டான். அங்கேதான் கதை தடம் மாறியது.

நாச்சிமுத்துவுக்கு ஒரு பழக்கம். எந்த எண்ணை எழுதினாலும் அதன் முன்னால் ஒரு சின்னக் கோடு இழுப்பார். எண் மொட்டையாக நிற்கக் கூடாது, அதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்பார். கடையில் விலைப்பட்டியலும் அப்படித்தான், வீட்டுக் காலண்டரில் பால் கணக்கும் அப்படித்தான். கழகத்தில் எல்லாருக்கும் அது பழகிப்போய் யார் கண்ணிலும் படாது. சென்னியப்பனோ அச்சகத்துக்காரன். மூலப்பிரதியில் ஒரு புள்ளி இருந்தாலும் விடாமல் கோப்பவன். ரெஜிஸ்டரில் '-2' என்றிருந்தது. அவனும் '-2' என்றே ஏற்றினான்.

போர்டு ஒரு கணம் யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. சரி என்று ஒப்புக்கொண்டது.

பத்தாவது தடவை சோதித்தபோதுதான் அவன் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டான்.

"அண்ணா, இது நான் அழுத்தறதுக்கு முன்னாடியே திரும்புதுங்க."

"மொழங்கால் பட்டிருக்கும்."

"மொழங்கால் மேசைக்குக் கீழ இருக்குதுங்க. பொத்தான் மேல இருக்குது."

நாச்சிமுத்து வந்து பார்த்தார். டக். இரண்டு விநாடி. சென்னியப்பனின் விரல் பச்சையில் இறங்கியது. மறுபடி டக். இரண்டு விநாடி. விரல் சிவப்பில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கட்டளை குடுக்கறதுக்கு முன்னாடியே வேலை செய்யறது ஒழுங்கீனம் தம்பி. பதினாலாம் விதி. இதுக்கு விளக்கம் கேட்டு மெமோ குடுக்கோணும்."

"யாருக்குங்க?"

"போர்டுக்குத்தான்" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணு. அது திரும்பட்டும். திரும்புன பொறவு நீ அழுத்தாம இரு. அப்ப என்ன பண்ணும்?"

சென்னியப்பன் அழுத்துவதற்காக விரலைக் கொண்டுபோனான். டக். உடனே இரண்டு கைகளையும் சாமி கும்பிடுவது மாதிரி தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். என்ன ஆகிறதென்று பார்க்க நாச்சிமுத்து எட்டிக் குனிந்தார். அவருடைய தொப்பை பச்சைப் பொத்தானில் அமர்ந்தது.

இரண்டாவது சோதனையில் இருவரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். டக் என்றது. கூரையிலிருந்து ஒரு பல்லி சரியாகச் சிவப்புப் பொத்தானில் விழுந்து, அதிர்ச்சியில் வாலை விட்டுவிட்டு ஓடியது. மூன்றாவது சோதனையில் பொத்தான்களின்மேல் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்தார்கள். டக் என்றதும் மூடி தானாக நழுவி, அதன் விளிம்பு பச்சையை அழுத்தியது. நாலாவது சோதனை வேண்டாம் என்று நாச்சிமுத்துவே சொல்லிவிட்டார். பல்லி விழுந்தது அவர் மூக்குக்கு இரண்டடி முன்னால்.

"அப்ப இதுக்குத் தெரியுது" என்று மெதுவாகச் சொன்னார். "பொத்தான் அழுந்தப்போறது இதுக்கு முன்கூட்டியே தெரியுது."

"ஆனா யாரு அழுத்தப்போறாங்கன்னு தெரியாதுங்க" என்றான் சென்னியப்பன். "பல்லியா இருந்தாலும் சரி, உங்க வயிறா இருந்தாலும் சரி, அதுக்கு ஒண்ணுதான்."

அந்த வாக்கியத்தை அவன் இன்னும் கொஞ்சம் ஞாபகம் வைத்திருந்திருக்கலாம்.

மற்ற ஐந்து போர்டுகளும் மைனஸைக் கண்டதும் தவறு என்று சிவப்பு விளக்கைக் காட்டின. ஏழாவது மட்டுமே இப்படி. ஆறாம் அறையில் எண்ணை மாற்றினால் விநாடி நிமிடமாகும், மணியாகும் என்பதும் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாச்சிமுத்து அதற்கு ஒரு பொது உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்.

வெள்ளிதோறும் கமிட்டிக் கூட்டம். அன்றைய தீர்மானம், டீயோடு வடை கொடுப்பதை நிறுத்தலாமா என்பது. ஆதரித்தால் பச்சை, எதிர்த்தால் சிவப்பு என்று கடைசியில் முடிவைப் பொத்தானில் பதிவுசெய்வதாக ஏற்பாடு. ஏழாவது பாயிண்டை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார். ஐந்து மணி தாண்டியதுமே அது பச்சைப் பக்கம் திரும்பிவிட்டது. ஆறு மணிக்கு உறுப்பினர்கள் வந்தபோது படியிலேயே நிறுத்தினார்.

"முடிவு வந்திருச்சுங்க. வடை கெடையாது. கூட்டமும் வேண்டாம், போயிட்டு வாங்க."

"நாங்க எப்பண்ணா ஓட்டுப் போட்டோம்?" என்றார் ஒருவர்.

"போடறதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்க."

எல்லாரும் குழம்பியபடி இறங்கிப் போனார்கள். பிறகு நாச்சிமுத்து, பதிவு முழுமையாக வேண்டுமே என்று, தானே போய்ப் பச்சையை அழுத்திவிட்டு வந்தார். பத்துப் பேரின் வாய் ஒரே ஆளின் கட்டைவிரலில் முடிந்துபோனதை சென்னியப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஏதோ தப்பு என்று தோன்றியது. ஆனால் அவன் மனசு வேறு கணக்கில் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அதை நாச்சிமுத்துவிடம் சொன்னான்.

"அண்ணா, நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் இங்க வந்து ஒரு பொத்தான அழுத்தப்போறேன். துளசிக்குச் சரீன்னா பச்சை. இல்லீன்னா சிவப்பு. மனசாட்சிப்படி அழுத்துவேன், சத்தியமா. இப்ப மைனஸ் இருபத்திநாலு மணி போட்டா, நான் என்ன சொல்லப்போறேன்னு இன்னிக்கே தெரிஞ்சிரும்ல?"

"அட கெரகமே!" என்றார் நாச்சிமுத்து. "உன்ற மனசுல என்ன இருக்குதுன்னு உனக்கே தெரியாதா?"

"இருக்கறது தெரியுமுங்க. ஆனா நாளைக்கும் அது இருக்குமான்னுதான் தெரியல. அந்தப் புள்ளய நெனச்சா சரீன்னுதான் தோணுது. ஓசூர நெனச்சா பயமா இருக்குது. அங்க என்ன ஹோட்டல் இருக்குது, யாரு இருக்கறாங்கன்னு..."

"ரோஸ்ட் ஓசூர்லயும் போடுவாங்க சாமி."

ஐந்தாம் அறையில் மைனஸ் இருபத்திநாலு. ஆறாம் அறையில் மணி. பாயிண்டைக் கிளையில் நிறுத்திவைத்துவிட்டு இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாலு ஐம்பத்தைந்து ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு டக். பச்சை.

சென்னியப்பன் எழுந்து நின்றான். கண்ணில் நீர் முட்டியது.

டக். சிவப்பு.

உட்கார்ந்தான்.

டக். டக். டக். டக். நேர், கிளை, நேர், கிளை. பாயிண்ட் குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி ஆடியது. நாச்சிமுத்து எண்ண ஆரம்பித்தார். பத்து, பதினேழு, இருபத்தாறு. மோட்டாரிலிருந்து லேசாகக் கருகிய வாடை வந்தது. முப்பதாவது தடவை கிளையில் போய் நின்றது.

"நாளைக்கும் நீ இன்னிக்கு மாதிரியேதான் இருக்கப்போற தம்பி" என்றார் நாச்சிமுத்து, துக்கம் விசாரிக்கிற குரலில்.

அப்போது, ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு, முப்பத்தொன்றாவது டக். பச்சை. நேர். அதற்குப் பிறகு அசையவில்லை. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தும் அசையவில்லை.

"சரீன்னுட்டேன்!" என்று கத்தினான் சென்னியப்பன். நாச்சிமுத்துவைக் கட்டிப்பிடித்தான். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் ஒரு முடிவை எடுத்திருந்தான். அதுவும் ஒருநாள் முன்னதாக. கீழே இறங்கும்போது படிகள் இரண்டிரண்டாகக் குறைந்தன. ஹோட்டலில் ரோஸ்ட் சொல்ல எட்டே நிமிடம்தான் எடுத்துக்கொண்டான். ஞாயிறு காலை அச்சகத்தைத் திறந்து, தன் பெயரையும் துளசிமணியின் பெயரையும் ரோஸ் நிற அட்டையில் ஒரு பிரதி அடித்துப் பார்த்தான். சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது, அவனுக்கு மட்டும் கொஞ்சம் பனி கொட்டியது.

நாச்சிமுத்துவுக்கு எல்லா விதிகளும் தெரியும், வாயை மூடிக்கொள்வதைத் தவிர. ஞாயிறு நாலரை மணிக்கு மாடிப்படி ஏறிவந்த துளசிமணியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டார்.

"கவலப்படாத அம்மிணி! தம்பி சரீன்னுதான் சொல்லப்போறான். நேத்தே பாத்துட்டோம்."

"நேத்தே என்னத்தப் பாத்தீங்க?"

அவர் சொன்னார். முப்பத்தொரு டக்கையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

நாலு ஐம்பத்தைந்துக்கு சென்னியப்பன் தலை வாரிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, துளசிமணி கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எரியப்போகிற மோட்டாரைப் பார்க்கிற பார்வை.

"நான் உங்களக் கேட்டனா, பாயிண்டக் கேட்டனா?" என்றாள்.

"இல்லீங்க துளசி... அது நான் சொல்லப்போறதத்தானுங்க சொல்லுச்சு."

"அது சொல்லீட்டுதுன்னுதானே இப்ப நீங்க சொல்ல வந்திருக்கீங்க? அது செவப்புக் காட்டியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"இல்லவே இல்லீங்க! இது என்ற முடிவு. இங்க பாருங்க!" என்று பாய்ந்துபோய்ப் பச்சையை அழுத்தினான்.

பாயிண்ட் அசையவில்லை. அது நேற்றே ஆடி முடித்திருந்தது. அந்த அமைதியில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தப் பச்சை தன்னுடையதா, நேற்றைய பாயிண்டுடையதா? அது காட்டியதைத்தானே செய்கிறேன்? நான் சுதந்திரமானவன் என்று எப்படிக் காட்டுவது? சிவப்பை அழுத்தினான். அழுத்தியதும் பகீரென்றது. ஐயோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே! பச்சை. ஆனால் இது பயத்தில் அழுத்திய பச்சை; இது கணக்கில் வராது. சிவப்பு. நிஜமான பச்சையை அழுத்துவதற்காகத்தான் இந்தச் சிவப்பு. பச்சை. நிஜமாக இருந்ததா? சிவப்பு.

"பதினொண்ணு, பன்னெண்டு" என்று எண்ணினார் நாச்சிமுத்து. பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அட, நேத்து அது ஆடுனது நீ இன்னிக்கு ஆடறதுனால. இன்னிக்கு நீ ஆடறது நேத்து அது ஆடுனதுனால. இதுல மொதல்ல ஆடுனது யாருய்யா?"

முப்பதாவது தடவை சிவப்பில் விரல் நின்றது. சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. வியர்வை பச்சைப் பொத்தானில் சொட்டியது. அழுந்தும் அளவுக்குக் கனமான சொட்டு இல்லை.

துளசிமணி அவன் கையைப் பிடித்து விலக்கினாள். ஐந்து மணி மூன்று நிமிடம். கட்டைவிரலால் பச்சையை ஒரே அழுத்து அழுத்தினாள்.

"நேரா ஓசூர்" என்றாள். "நான் மட்டும். போயிட்டு வர்றனுங்க."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

முப்பத்தொன்று. பாயிண்ட் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பச்சை அழுந்தும் என்றது, அழுந்தியது. யார் விரல் என்று அது எப்போதுமே சொன்னதில்லை.

சென்னியப்பன் நாற்காலியில் சரிந்தான். நாச்சிமுத்துவுக்குக் குற்ற உணர்ச்சியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வடை வாங்கிவரட்டுமா என்று கேட்டார். அதை நிறுத்தியது தான்தான் என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அப்போது, ஐந்து பத்துக்கு, டக்.

இருவரும் திரும்பினார்கள். ஏழாவது பாயிண்ட் நேரிலிருந்து கிளைக்கு மாறியிருந்தது. போர்டு இன்னும் மைனஸ் இருபத்திநாலு மணியில்தான் இருந்தது. நாளை, திங்கட்கிழமை, இதே நேரத்துக்கு யாரோ சிவப்பை அழுத்தப்போகிறார்கள்.

"போச்சு" என்றார் நாச்சிமுத்து. "செவப்பு தம்பி. நாளைக்கும் வேண்டாம்னுதான். முடிஞ்சே போச்சு."

சென்னியப்பன் பாயிண்டைப் பார்த்தான். நாளை அழுத்தப்போவது தானா, அவளா, பல்லியா? பதினோரு வருட ரோஸ்ட்டும் இரண்டு வருட டீயும் அவன் முன்னால் வரிசையாக வந்து நின்றன. ரெஜிஸ்டரை எடுத்து விரித்துப் பாயிண்டின்மேல் கவிழ்த்தான், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி.

"பாக்கறத நிறுத்துங்கண்ணா" என்றான். இறங்கி ஓடினான். ஒரு செருப்பு ஐந்தாம் படியிலேயே தங்கிவிட்டது.

உக்கடம் பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் துளசிமணி கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். ஒற்றைச் செருப்போடு நொண்டி வருகிறவனைப் பார்த்து, பக்கத்தில் நின்ற கீரைக்காரம்மா நகர்ந்து வழிவிட்டாள்.

"நானும் ஓசூர் வர்றனுங்க" என்றான். "அங்கயும் கல்யாணம் பண்ணுவாங்கள்ல, அச்சகம் இருக்கும். இல்லாட்டி வேற வேல பாக்கறேன். உங்களைய எனக்குப் புடிக்குமுங்க. ரெண்டு வருசமா. சோல்டரிங் வெக்கறப்ப நாக்கக் கடிச்சுக்குவீங்கள்ல, அதப் பாத்ததுல இருந்து."

"இது யாரு சொன்னது? நேத்து சொன்னதா, இன்னிக்குச் சொன்னதா?"

"நாந்தானுங்க. இப்பத்தானுங்க."

"பாயிண்ட் என்ன சொல்லுது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதை யோசிக்க நேரமில்லை.

"கிளையில நிக்குதுங்க. நாளைக்குச் செவப்பாமா."

துளசிமணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டது மாதிரி இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. பஸ் வந்தது. ஏறி, படியிலிருந்து திரும்பினாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன். அங்க இருங்க. ரெண்டு செருப்போட."

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு சென்னியப்பன் பலகையிலிருந்து மூன்றடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நாச்சிமுத்து வயிற்றை உள்ளிழுத்தபடி சுவரோடு சுவராக நின்றார். கூரையில் பல்லி இல்லை; காலையிலேயே ஒட்டடைக் கோலால் துரத்தியாகிவிட்டது. ஐந்து ஐந்துக்குத் துளசிமணி வந்தாள். கைப்பையிலிருந்து திருப்புளியையும் ஒரு புது போர்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். கவிழ்ந்திருந்த ரெஜிஸ்டரைத் தூக்கினாள். பாயிண்ட் கிளையில்தான் இருந்தது.

பலகையை நோக்கி அவள் கை போனது. ஐந்து மணி பத்து நிமிடம்.

சிவப்பை அழுத்தினாள்.

"கிளை!" என்று உரக்கக் குரல் கொடுத்தாள்.

பிறகு குனிந்து, திருப்புளியால் ஏழாவது பாயிண்டின் பழைய போர்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்து உள்ளிழுத்திருந்த வயிற்றை வெளியே விட்டார்.

"ஒம்பதாம் விதி" என்றார் நாச்சிமுத்து. "அது ஒம்பதாம் விதி தம்பி! வேற ஒண்ணுமில்ல!"

"பின்ன? கை வெக்கறதுக்கு முன்னாடி செவப்பு அழுத்தோணும்னு நீங்கதானே அண்ணா உசுர வாங்குனீங்க" என்றாள் துளசிமணி மேஜைக்கு அடியிலிருந்து.

புது போர்டில் தாமதத்தை பூஜ்யம் என்று வைத்தாள். நாச்சிமுத்து ரெஜிஸ்டரில் அதைப் பதிந்தார். பழக்கதோஷத்தில் முன்னால் ஒரு கோடும் இழுத்தார். மைனஸ் பூஜ்யத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அன்றே வடைத் தீர்மானத்தையும் ரத்து செய்தார். அதற்கு மட்டும் பத்துப் பேருக்கும் போன் போட்டுக் கேட்டார்.

மெயின் ரோட்டு ஹோட்டலில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் சட்டைப்பையில் ரோஸ் அட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்கலாமா, இலையில் ஏதாவது விழுந்தபிறகு கேட்கலாமா என்று யோசித்தான். குமரவேல் வந்து நின்றார்.

"என்னங்க வேணும்?"

ரோஸ்ட்டா, ஊத்தப்பமா? சென்னியப்பன் வாயைத் திறந்து, மூடி, நெற்றியைச் சுருக்கினான். இன்றைக்காவது... அவன் முடிப்பதற்குள் குமரவேல் உள்ளே போய், முறுகலாக ஒரு ரோஸ்ட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே!"

"நீங்க தெருமுக்குல வர்றப்பவே மாஸ்டர் கல்லுல ஊத்திட்டாருங்க. பதினோரு வருசமா அப்படித்தான். நீங்க யோசிக்கறப்ப அது முறுகும், அவ்வளவுதான்."

துளசிமணி இப்போது நிஜமாகவே சிரித்தாள். சிரித்து முடித்து, ரோஸ்ட்டின் ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஓசூர்ல வீடு பாத்தாச்சுங்க. ரெண்டு ரூம்பு. வீட்டுக்காரம்மா எத்தன பேருன்னு கேட்டாங்க. ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன்."

"எப்பங்க சொன்னீங்க? இன்னிக்குங்களா?"

"புதங்கெழம. உங்களக் கேக்க டீக்கடைக்கு வர்றதுக்கு முன்னாடி."

சென்னியப்பன் விரல்விட்டு எண்ணினான். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. மைனஸ் நாலு நாள். எந்த போர்டும் இல்லாமல்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அப்புறம் எதுக்குங்க நேத்து அத்தன கோவம்?"

துளசிமணி கொஞ்சம் சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சா ஆச்சுங்களா?" என்றாள். "நீங்க சொல்லோணுமில்ல."